லைட் போட்டு மீன் பிடிக்கிறவரை எங்கே வைத்துப் பிடிப்பது?

அக்டோபர் 18, 2025 – வாசகர் ஒருவரின் கேள்வி

"ராத்திரி லைட் போட்டு மீன் பிடிக்கக் கூடாது என்று 2017லேயே மத்திய அரசு தடை போட்டாச்சு. எட்டு வருஷம் ஆகப்போகுது. இன்னும் எங்க ஊர்க் கடற்கரையில் நின்னா கடலுக்குள்ள வரிசையா வெளிச்சம். கோஸ்ட் கார்டு தூங்குதா, இல்ல காசு வாங்கிக்கிட்டு திரும்பிப் படுத்திருக்கா?"

அக்டோபர் 18, இரவு

கடலில் தெரிகிற வெளிச்சமெல்லாம் லைட் மீன்பிடி ஆகாது. இழுவைப்படகில் மடியை (வலையை) ஏற்றி மீன் பிரிக்க டெக்கில் விளக்கு எரியத்தான் செய்யும். வலை விட்டுக் கிடக்கிற வள்ளக்காரர் (சிறுபடகுக்காரர்) வலையின் நுனியில் மினுக்கு விளக்கு கட்டுவார். இல்லாவிட்டால் போகிற கப்பல் வலையை அறுத்துக்கொண்டு போய்விடும். நீங்கள் தேட வேண்டியது, ஒரே இடத்தில் அசையாமல் மணிக்கணக்கில் நிற்கிற, தண்ணீரை நோக்கித் திருப்பிய வெள்ளை அல்லது பச்சை வெளிச்சம். தீபாவளியை ஒட்டி அமாவாசை வருகிறது. இந்த வாரம் பார்த்து வையுங்கள். பௌர்ணமி வாரத்தில் அதே இடத்தில் நின்று மறுபடி பாருங்கள். நிலாவுக்குக் காணாமல் போகிற வெளிச்சத்தைப் பற்றித்தான் பேச்சு.

அக்டோபர் 19

"அமாவாசைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்" என்று கேட்டிருக்கிறார்கள். இருட்டில்தான் விளக்குக்கு மதிப்பு. வெளிச்சத்துக்கு நுண்ணுயிர் கூடும், அதைத் தின்ன நெத்திலியும் சாளையும் வரும், அதைத் தின்னக் கணவாயும் அயிலையும் வரும். வெளிச்சத்தைப் பார்த்தே வருகிற மீனும் உண்டு. முன்பு டெக்கில் ஹாலஜன் கட்டினார்கள். இப்போது எல்இடி, அதுவும் கயிற்றில் கட்டி நேரே தண்ணீருக்குள் இறக்குகிற வகை. இரண்டு மூன்று மணி நேரம் எரியவிட்டு, அடியில் நிற்கிற மீனைக் காட்டும் எக்கோ சவுண்டர் திரையைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். திரையில் மீன் திட்டாகத் திரண்டதும் விளக்கை ஒவ்வொன்றாக அணைத்துக் கடைசி ஒன்றை மட்டும் மங்கலாக விடுவார்கள். பரந்து நின்ற மீன் அந்த ஒரு விளக்கின் அடியில் வந்து குவியும். அப்போது அடுத்த படகு சுருக்குமடி வலையை வளைத்து, அடிக்கயிற்றை இழுத்து முடிந்துவிடும். பெரிசு, குஞ்சு, சினை, எதுவும் மிஞ்சாது.

மீனைத் தேடி ஓடுகிற டீசலும் மிச்சம் என்பதால் முதலாளிகளுக்கு இதில் ஆசை விடாது.

அக்டோபர் 19, இரவு

இப்போது கோஸ்ட் கார்டு விஷயம். கரையிலிருந்து 12 கடல் மைல் வரை மாநிலத்தின் கடல். மாநிலப் பட்டியலில் மீன்பிடி இருப்பதால் தமிழ்நாட்டுக்கு 1983ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, கேரளத்துக்கு 1980ஆம் ஆண்டுச் சட்டம். 12க்கு அப்பால் 200 மைல் வரை மத்திய அரசின் பொறுப்பு. 2017 நவம்பர் 10ஆம் தேதி வந்த தடை அந்த வெளிக்கடலுக்குத்தான். அது உத்தரவு, சட்டம் அல்ல. மீறினால் என்ன தண்டனை என்று சொல்ல அதற்கு அடியில் சட்டம் கிடையாது. வெளிநாட்டுப் படகு வந்து மீன் பிடித்தால் பறிமுதல் செய்ய 1981லேயே சட்டம் வந்துவிட்டது. நம் படகுக்கு 2019லும் 2021லும் மசோதா எழுதினார்கள். மீனவர் அமைப்புகள் எதிர்த்தன, இரண்டும் கிடப்பில் போயின. எதிர்த்ததற்கு வேறு நியாயமான காரணங்களும் இருந்தன, அதை இன்னொரு நாள் பேசலாம்.

ஆகவே கோஸ்ட் கார்டு 20 மைலில் ஒரு படகைப் பிடித்தால், கரைக்குக் கொண்டுவந்து மாநில மீன்வளத்துறையிடம் ஒப்படைக்கும். துறை தன் சட்டத்தைப் பிரிக்கும். அது 12 மைலில் முடிந்திருக்கும். படகு உரிமையாளரின் வக்கீலுக்கு இது நன்றாகத் தெரியும்.

அக்டோபர் 20

தீபாவளி அன்றைக்கும் இங்கே வந்து சண்டை போடுகிறவர்களுக்கு வாழ்த்துகள். பலகாரம் தின்றுவிட்டு வாருங்கள், வெளிச்சம் எங்கேயும் போகாது.

அக்டோபர் 22

"சரி, 12 மைலுக்குள்ளே நடக்கிறதையாவது பிடிக்கலாமே?" – கடலூர்த் தம்பியின் கேள்வி.

பிடிக்கிறார்கள். கேரளத்தின் விழிஞ்ஞம் பக்கம் அடிக்கடி செய்தி வரும். கேரளத்தில் 2018 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் இரண்டரை லட்சம் வரை போகும், பிடிபட்ட மீனை ஏலம் விட்டுப் பணத்தைக் கருவூலத்தில் கட்டுவார்கள். பிடிபடுகிறதில் நம் குமரி மாவட்டப் படகும் உண்டு, மறைப்பதற்கு ஒன்றும் இல்லை.

ஆனால் ரோந்துக்குப் போய்ப் பிடிப்பது எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். துறைமுகத்திலிருந்து ரோந்துப் படகு கிளம்புவதை அத்தனை பேரும் பார்க்கிறார்கள். அது முகத்துவாரம் தாண்டுவதற்குள் வாட்ஸ்அப்பிலோ விஎச்எஃப் ரேடியோவிலோ செய்தி போய்விடும். 10 மைல் போக ஒரு மணி நேரத்துக்கு மேலாகும், சுவிட்சை அணைக்க ஒரு நொடி. அதிகாரி போய்ச் சேரும்போது ஜெனரேட்டர் ஆறிக்கொண்டிருக்கும், எல்இடி ஐஸ் அறையில் சாக்குக்கு அடியில் இருக்கும், ஸ்ராங்கு (படகை ஓட்டுகிறவர்) கட்டன் சாயா குடித்துக்கொண்டிருப்பார். "மீன் எப்படி வந்துச்சு?" "கடல்மாதா தந்தா சார்."

பெட்டியில் வைத்திருந்த விளக்கு குற்றமா, எரிந்த விளக்கு குற்றமா என்று விசாரணையில் இழுக்கும். எரிந்ததை யார் பார்த்தது? பார்த்த மற்ற மீனவர் சாட்சி சொல்ல வரமாட்டார், அவர் படகும் அதே துறைமுகத்தில்தான் கட்டிக் கிடக்கிறது.

அக்டோபர் 23

இதை நான் கடலில் நின்று சொல்லவில்லை. தென்கரையில் ஒரு துறைமுகத்தில் ஏலக்காரரிடம் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவன். கடலுக்கு அப்பா போனார், நான் போகவில்லை, வாந்தி.

ஏலக்கூடத்தில் நின்றால் லைட் மீன் தெரியும். இழுவைமடி மீன் நசுங்கி, செதில் உரிந்து, சகதியும் கலப்படமுமாக வரும். வெளிச்சத்தில் வளைத்த சாளையும் அயிலையும் செதில் போகாமல் பளபளவென்று, ஒரே அளவில், பெட்டி பெட்டியாக ஒரே இனம். வந்து சேருகிற நேரமும் ஒன்றாக இருக்கும்: அமாவாசையை ஒட்டிய நாட்களில், விடியும் முன்னே. சில நாள் படகு துறைமுகத்துக்கே வராது; வள்ளத்தில் ஏற்றிப் பக்கத்து ஊர்க் கரையில் இறக்குவார்கள். மீன் மட்டும் எங்கள் நோட்டுக்கு வரும், எந்தப் படகு என்ற இடத்தில் ஏதாவது ஒரு பெயர் இருக்கும்.

ஏலக்காரருக்குத் தெரியும், வியாபாரிக்குத் தெரியும், ஐஸ் அடிக்கிற பையனுக்கும் தெரியும். மீன்வளத்துறை அலுவலகத்துக்கு மட்டும் தெரியவில்லை என்றால் யார் நம்புவது? ஆகவே என் கட்சி இதுதான்: இந்தத் தடையைக் கடலில் அமலாக்க முடியாது, துறைமுகத்தில் முடியும்.

அக்டோபர் 23, மதியம்

மேலே எழுதியதில் ஒரு முக்கியமான சங்கதி விட்டுப்போனது: அபராதம் யார் கணக்கில் போகிறது?

மீன் விற்ற பணத்தில் முதலில் செலவு கழிப்பார்கள். டீசல், ஐஸ், அரிசி சாமான், ஏலக் கமிஷன். மிச்சத்தைத்தான் படகுப் பங்கு, ஆள் பங்கு என்று பிரிப்பது. அபராதம் கட்டிய படகுகளில் அந்தத் தொகையைச் செலவு வரிசையில் டீசலுக்குக் கீழே எழுதச் சொல்வார்கள். எழுதியிருக்கிறேன். அப்படியென்றால் லைட் போடு என்று சொன்ன முதலாளியின் அபராதத்தை ராத்திரி முழுக்க வலை இழுத்தவனும் சேர்ந்து கட்டுகிறான். இதில் என்ன பயம் வரும்? ஒரு நல்ல வளைப்பு விழுந்தால் இரண்டரை லட்சம் பெரிய தொகையும் இல்லை. எப்போதாவது வருகிற இன்னொரு செலவு, அவ்வளவுதான்.

அக்டோபர் 25

"அபராதத்தைப் பத்து லட்சம் ஆக்கு" என்று மூன்று பேர். ஆக்கினால் அதுவும் செலவு வரிசைக்குத்தான் வரும். இல்லையென்றால் கட்டாமல் மேல்முறையீட்டுக்குப் போவார்கள். முதலாளியின் கையை மட்டும் கடிக்கிற இடம் வேறு இருக்கிறது. தமிழ்நாட்டில் விசைப்படகுக்கு ஆண்டுக்கு 19,000 லிட்டர் வரை விற்பனை வரி இல்லாத டீசல் தருகிறார்கள். நாட்டுப்படகுக்கு 4,400. பிடிபட்ட படகுக்கு அந்த ஒதுக்கீட்டை ஆறு மாதம் நிறுத்தட்டும். மீன்பிடி உரிமத்தையும் வருடாந்திர மீன்பிடித் தடைக்காலத்தோடு சேராமல் நிறுத்தட்டும். தடைக்காலத்தில் "உரிமம் இடைநீக்கம்" என்று உத்தரவு போடுகிற நகைச்சுவை வேண்டாம், அப்போது படகு எப்படியும் கரையில்தானே கிடக்கிறது.

ஆனால் உரிமம் போனால் ஆளுக்கும் வேலை போகும். அதற்குப் பதில் என்னிடம் இல்லை. வேறு படகில் ஏறுவான் என்று சொல்லலாம், ஏறவும் செய்வான், முன்பணம் வாங்காமல் இருந்தால். வாங்காதவன் யார்?

அக்டோபர் 26

கேரளத்திலிருந்து எழுதும் நண்பர் "லைட் போட்டே மத்தியை அழித்துவிட்டார்கள்" என்கிறார். மத்தி என்பது நம் சாளைதான். அந்த அளவுக்குப் போக வேண்டாம். கேரளத்தில் சாளை 2012இல் நான்கு லட்சம் டன்னை நெருங்கியது, 2021இல் 3,297 டன்னுக்கு விழுந்தது. மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் கணக்கு இது. விழுந்ததற்குக் கடல்நீரின் சூடு, எல் நினோ, மழை தப்பியது எல்லாம் சேர்ந்த காரணம் சொல்கிறார்கள். சாளை எப்போதுமே ஏறி இறங்குகிற மீன், எங்கள் தாத்தா காலத்திலும் வராத வருஷங்கள் இருந்தன. குறைந்து கிடக்கிற நேரத்தில் மிஞ்சியதை வெளிச்சம் போட்டுத் திரட்டி வளைக்கிறார்களே, அந்தக் குற்றத்தை வையுங்கள், ஒப்புக்கொள்கிறேன். 10 செ.மீ.க்குக் குறைந்த சாளையைப் பிடிக்கக் கூடாது என்று கேரளம் அளவு வைத்திருக்கிறது. ஏலக்கூடத்தில் ஓர் அளவுகோலை வைத்தே பிடித்துவிடலாம். இதற்கு ரோந்துப் படகு வேண்டியதில்லை.

அக்டோபர் 27

"உங்கள் வாதத்தில் கடல் பக்கம் முழுக்க விட்டுவிட்டீர்கள், சாட்டிலைட் இருக்கிறதே" – சென்னையிலிருந்து ஒரு மென்பொருள்காரர்.

இருக்கிறது. 2011இல் ஏவிய சுவோமி என்பிபி என்ற அமெரிக்கச் செயற்கைக்கோளில் விஐஐஆர்எஸ் என்று ஒரு கருவி. நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி வாக்கில் மேலே கடந்து போகும்போது கடலில் எரிகிற விளக்குகளைப் பதிந்துகொள்ளும். இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நானும் பார்த்தேன், அரபிக் கடலில் நம் 200 மைல் எல்லைக்கும் வெளியே, ஓமன் ஏமன் பக்கம், சீனக் கணவாய்க் கப்பல்களின் வெளிச்சம் கூட்டமாகத் தெரிகிறது. நம் ஊர் முதலாளிகள் இதைத்தான் காட்டுவார்கள்: "அவன் கடலையே பகலாக்குறான், நாங்க நாலு லைட் போட்டா குத்தமா?" கேட்கும்போது நியாயம் போலத்தான் இருக்கும். அவன் பிடிக்கிற இடத்துக்கு இன்னும் சரியான ஒழுங்குமுறை இல்லை, நீங்கள் பிடிப்பது பக்கத்து வள்ளக்காரனின் மீனை.

அந்தப் புள்ளியை வைத்து வழக்குப் போட முடியாது. எந்தப் படகு என்று அது சொல்லாது, மேகம் இருந்தால் தெரியாது, பௌர்ணமியில் குழம்பும், டெக் விளக்கும் மீன் விளக்கும் அதற்கு ஒன்றுதான். எங்கே, எந்த மாதத்தில் ரோந்து போகலாம் என்று தீர்மானிக்க உதவும். புள்ளியையும், படகு இருக்கிற இடத்தைத் தெரிவிக்கிற டிரான்ஸ்பாண்டரையும் சேர்த்துப் பார்த்தால் கதை வேறு. கடலில் ஒரு லட்சம் படகுக்கு டிரான்ஸ்பாண்டர் வைக்க 364 கோடியில் மத்திய அரசு திட்டம் போட்டு, 2024 ஆகஸ்டில் பிரதமர் தொடங்கியும் வைத்தார். மூன்று மணி நேரம் ஒரே இடத்தில் நின்ற படகு, அதே இடத்தில் ஒன்றரை மணிக்கு ஒரு வெளிச்சப் புள்ளி, காலையில் ஏலத்துக்கு ஒரே இன மீன். இந்த மூன்றையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கிற ஒரு ஆள் போதும். அந்த மேசை எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்று கேட்காதீர்கள்.

அக்டோபர் 27, இரவு

டிரான்ஸ்பாண்டரை அணைத்துவிட மாட்டானா என்று கேள்வி. அணைப்பான். பேட்டரி போச்சு என்பான். ஆனால் அமாவாசைக்கு அமாவாசை பேட்டரி போகிற படகைத் தனியாகக் குறித்து வைக்கலாமே.

அக்டோபர் 30

எனக்குச் சங்கடமான இடத்துக்கு வருகிறேன், யாரும் கேட்காததால் நானே.

விசைப்படகு மட்டும் லைட் போடுகிறதென்றால் கதை சுலபம். நாட்டுப்படகிலும் இருக்கிறது. கணவாய்த் தூண்டிலுக்கு ஃபைபர் படகில் இன்வெர்ட்டர் பேட்டரியில் இரண்டு எல்இடி பட்டை கட்டிப் போகிறவர்கள் எங்கள் ஊரிலும் உண்டு, சொந்தக்காரர்களும் உண்டு. அவன் இரண்டு பேர், கைத்தூண்டில், விடிய விடிய இருந்து ஒரு கூடை கணவாய். எதிரே ஜெனரேட்டரும் சுருக்குமடியும் நாற்பது ஆளும் உள்ள படகு. செயற்கை வெளிச்சம் எதுவானாலும் கூடாது என்ற தடை இரண்டையும் ஒரே வரியில் அடைக்கிறது. நடைமுறையில் என்ன ஆகிறது? விசைப்படகைப் பிடிக்க ராத்திரி கடலுக்குப் போக வேண்டும், ஃபைபர் படகைக் காலையில் மணலில் வைத்தே பிடித்துவிடலாம். வழக்கு எண்ணிக்கை காட்ட எது வசதி? கரையில் வைத்துப் பிடி என்று நான் மேலே அடித்துச் சொன்ன யோசனை, இந்த ஆளின் கழுத்தில்தான் முதலில் விழும்.

மாமா ஒருவரிடம் போனில் இதைச் சொன்னேன். "எல்லாரும் நிறுத்தினா நானும் நிறுத்துதேன், முதல்ல பெரியவன் நிறுத்தட்டு" என்றார். நியாயம்தான் என்று இப்போதைக்குத் தோன்றுகிறது. விளக்கையும் வலையையும் சேர்த்தே எடைபோட வேண்டும்: சுருக்குமடியோடு வெளிச்சம் என்றால் மன்னிப்பே கூடாது, தூண்டிலோடு என்றால் இரண்டாம் இடத்தில் வைக்கலாம்.

அக்டோபர் 31

"அப்போ சாதிக்காரனுக்கு ஒரு நியாயமா" என்று ஒருவர். வலைக்கு ஒரு நியாயம், தூண்டிலுக்கு ஒரு நியாயம் என்றேன். மறுபடி படியுங்கள்.

அக்டோபர் 31, இரவு

சுருக்குமடி என்றதும் ஞாபகம். தமிழ்நாட்டுக் கடலில் 12 மைலுக்குள் சுருக்குமடிக்கே தடை. 2000இல் வந்த அரசாணை, 2022 பிப்ரவரியில் மறுபடி உறுதி செய்தார்கள். அதை எதிர்த்துப் போனபோது உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 24இல் இடைக்கால உத்தரவு போட்டது: 12 மைலுக்கு அப்பால் போகலாம், திங்கள், வியாழன் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை, படகில் கண்காணிப்புக் கருவி வேண்டும். இரண்டு நாளில் என்ன பிழைப்பு, போய்த் திரும்பவே நேரம் போதாது என்று சுருக்குமடிக்காரர்கள் புலம்பினார்கள். புலம்பலில் உண்மை இருக்கிறது. நம் பேச்சுக்கு வேண்டியது ஒன்று: தமிழ்நாட்டில் ராத்திரி சுருக்குமடி எந்த மைலிலும் இல்லை. அப்புறம் விளக்கு எரிந்ததா என்று நிரூபிக்க எதற்கு மெனக்கெட வேண்டும்? விடிகாலை 5 மணிக்கு வந்து நிற்கிற சுருக்குமடிப் படகில் நனைந்த வலையும் புது மீனும் இருந்தால் போதாதா?

நவம்பர் 9

வந்துவிட்டது. நவம்பர் 4ஆம் தேதி மத்திய அரசு வெளிக்கடல் மீன்பிடிக்கு விதிகள் அறிவித்திருக்கிறது, 1976ஆம் ஆண்டுக் கடல் மண்டலச் சட்டத்தின் கீழ். 12 மைலுக்கு அப்பால் போகிற விசைப்படகுக்கும் பெரிய மோட்டார் படகுக்கும் இணையத்தில் அனுமதிச் சீட்டு, கட்டணம் இல்லை. சின்னப் படகுக்கும் பாரம்பரிய மீனவருக்கும் விலக்கு. எல்இடி, இரட்டைப்படகு இழுவை, 'புல்' (bull) டிராலிங் என்ற இழுவை மூன்றுக்கும் தடை. அக்டோபர் 19 குறிப்பில் நான் சொன்ன ஓட்டையை அடைக்கிற முதல் கட்டை இது. சீட்டு என்று ஒன்று இருந்தால் பிடுங்கவும் முடியும். உத்தரவில் பிடுங்க என்ன இருந்தது?

நவம்பர் 9, இரவு

நிதானமாக மறுபடி படித்தேன். சந்தோஷம் பாதியாகக் குறைந்தது. அதே விதிகளில் தாய்க்கப்பலும் குட்டிப் படகும் என்று ஓர் ஏற்பாடு. குட்டிப் படகு பிடித்த மீனை நடுக்கடலிலேயே தாய்க்கப்பலில் ஏற்றலாம், கண்காணிப்போடு. ஆழ்கடலில் நாள்கணக்கில் கிடக்கிற குமரி மாவட்டத் தூத்தூர் பக்கத்து ஆட்களுக்கு இதனால் டீசல் மிச்சம், மீனும் கெடாது, அதை மறுக்கவில்லை. ஆனால் நான் இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தது ஏலக்கூடத்தில் வைத்துப் பிடி என்று. மீன் ஏலக்கூடத்துக்கே வராவிட்டால்?

மேற்கு ஆப்பிரிக்காவில் கானாவைப் பாருங்கள். அங்கேயும் லைட் மீன்பிடிக்குத் தடை, 2010 விதிகளிலேயே இருக்கிறது, மரக்கலங்களும் மீறுகின்றன. அதோடு இழுவைக் கப்பல்கள் நடுக்கடலில் குஞ்சு மீனை உறைய வைத்துப் படகுகளுக்கு மாற்றி விற்கிற சைகோ (saiko) என்ற வியாபாரம். அதுவும் சட்டப்படி குற்றம், இருந்தும் வருஷக்கணக்கில் நடந்தது. யார் எங்கே எப்படிப் பிடித்த மீன் என்பது நடுக்கடலில் கைமாறும்போதே கரைந்துவிடுகிறது. இங்கே அனுமதியோடே கைமாறப் போகிறது. கண்காணிப்பு என்ற சொல்லை நம்பி இருக்க வேண்டும்.

நவம்பர் 12

"நீங்க எதுக்குமே ஒத்துக்க மாட்டீங்களா?" ஒத்துக்கொள்கிறேனே, தாய்க்கப்பலில் ஒவ்வொரு குட்டிப் படகின் மீனையும் தனி எடை, தனிப் பெட்டி, நேரம், இடம் என்று எழுதி வைத்தால். எழுதுகிறவன் கப்பல்காரனின் சம்பளத்தில் இருக்கக் கூடாது. ஏலக்காரரின் சம்பளத்தில் இருந்து எழுதியவன் சொல்கிறேன்.

நவம்பர் 21

கேள்வி கேட்ட நண்பர் திரும்பி வந்திருக்கிறார். நவம்பர் 5 பௌர்ணமிக்கும் நேற்றைய அமாவாசைக்கும் பார்த்தாராம். நிலாவுக்கு அநேகமாக இருட்டு, அமாவாசைக்கு ஐந்தாறு இடத்தில் வெளிச்சம். இனி என்ன செய்ய, போட்டோ எடுத்து அனுப்பவா என்கிறார்.

போன் கேமராவில் கடல் வெளிச்சம் வெறும் புள்ளி, ஒரு பயனும் இல்லை. தேதி, நேரம், திசை, எத்தனை மணிக்கு அணைந்தது என்று எழுதுங்கள். தெரிந்த வள்ளக்காரர் அந்த ராத்திரி கடலில் இருந்தால் அவர் ஜிபிஎஸ்ஸிலிருந்து இடம் கேட்டு வாங்குங்கள், அவர் பெயரை எழுதாதீர்கள். இரண்டு மூன்று அமாவாசைக்குச் சேர்த்து, மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் மனுவாகக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். மாவட்டத்தில் மாதம் ஒரு முறை மீனவர் குறைதீர்க் கூட்டம் நடந்தால் அங்கேயும் நகல் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் முதலில் யாருக்குப் போய்ச் சேரும் என்று அக்டோபர் 22 குறிப்பில் எழுதியிருக்கிறேன்.

நவம்பர் 21, இரவு

ஒப்புகைச் சீட்டு தரமாட்டேன் என்றால் பதிவுத் தபால். அடுத்த அமாவாசை டிசம்பர் 19 வாக்கில். வாடைக்காற்று பலமாக இருந்தால் ஒருவரும் போக மாட்டார்கள். வெளிச்சம் இல்லையென்று அதைத் திருந்திய கணக்கில் எழுதிவிடாதீர்கள்.